அப்பா என்னை அடிக்

ராஜி அன்ரி அந்தப் புத்தகத்தை மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்தின் நடை. வெளியே பனி. பெற்றோரின் சப்பாத்துகளில் இருந்து உருகிய தண்ணீர் தரையில் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. யாரோ கொண்டுவந்த கோப்பியின் மணம். வகுப்பு விட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ராஜி அன்ரி சுவரோரக் கதிரையில் இருந்தபடி மடியில் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அவருடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. நான் கிட்டப் போய்ச் சுகமோ என்று கேட்டேன். புத்தகத்தைச் சட்டென்று மூடினார். ஆனால் ஒரு விரலை உள்ளே வைத்திருந்தார்.

விரல் வைத்து மூடுகிறவர் இன்னும் வாசித்து முடிக்காதவர். வாசித்து முடிக்காத ஒன்றை அவர் என்னிடம் இருந்து ஏன் மறைக்க வேண்டும்?

பிள்ளைகளே, இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். இந்தக் கிழமைதான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு பெரிய கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்ப்பவன் நான். வெளியே ஒட்டிய லேபலில் ஒன்று இருக்கும், உள்ளே இன்னொன்று இருக்கும். அதைப் பிடிப்பதுதான் வேலை. ஆகவே சந்தேகப்படுவது எனக்குத் தொழில். குணம்தான் என்று என் மனைவி வசந்தி சொல்வார். அதையும் நான் நம்புவதில்லை.

இது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்திய கதை. என் மகள் ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுதுங்கோ, ஆனால் என்ர லைனை மாத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

பக்கம் பதினான்கு

வகுப்பின் ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகள் எழுதியவற்றை ஒரு மலராகப் போட்டிருந்தார்கள். விழா அடுத்த சனிக்கிழமை. எழுதிய பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் முன்கூட்டியே ஒவ்வொரு புத்தகம். ராஜி அன்ரியின் மடியில் இருந்தது அதுதான்.

காரில் ஏறியதும் ஆரணியிடம் அவளுடைய புத்தகத்தைக் கேட்டேன். பின்சீட்டில் இருந்து நீட்டினாள். கண்ணாடியில் படிந்த பனி உருகும் வரைக்கும் கார் எடுக்க முடியாது. அந்த நேரத்துக்குள் முதல் பக்கத்தைத் திறந்தேன். பொருளடக்கம்.

எங்கள் வீட்டுப் பூனை, பக்கம் ஒன்பது. பனிமனிதன், பக்கம் பதினொன்று. அதற்குக் கீழே இப்படி இருந்தது:

அப்பா என்னை அடிக் . . . . . . 14

பக்கத்தில் என் மகளின் பெயர்.

அடிக். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் புள்ளிகள்.

பிள்ளைகளே, ஒரு சொல் அப்படிப் பாதியில் நின்றால் மனம் சும்மா இருக்காது. தானே போய் மீதியை எழுதிவிடும். ‘கிறார்’ என்று என் மனம் எழுதியது. ராஜி அன்ரியின் மனமும் அதைத்தான் எழுதியிருக்கும்.

புத்தகத்தை மூடினேன். அப்போதுதான் பார்த்தேன், என் விரலும் உள்ளே இருந்தது.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் வாசலில் நின்றே பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன்.

அப்பா என்னை அடிக்
கடி கூப்பிடுவார்
வேலையில் இருந்து.
சாப்பிட்டாச்சோ என்பார்.
ஓம் என்பேன்.
பிறகு இரண்டு பேரும் கதைக்கா
மல் இருப்போம்
போனை வைக்கா
மல்.

இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் மூச்சு வந்தது. இரண்டாம் தரம் சந்தேகம் வந்தது.

‘அடிக்கடி’ என்பது ஒரே சொல். அதை யார் இப்படி நடுவால் முறித்தது?

நிஸார் நானா சொன்னது

முதல் சந்தேகம் அச்சுக்காரர் மேல்தான். மலரைப் போட்டது நிஸார் நானா. மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஆள், அவர்களிடம் நானா என்றால் அண்ணன். பிளாசா என்கிற கடைத்தொகுதி ஒன்றில் சின்ன அச்சுக்கூடம் வைத்திருக்கிறார். கலியாணக் காட், பனர், கடைப் பலகை எல்லாம் அவரிடம்தான். அடுத்த நாளே போனேன். மை மணமும் சூடான காகித மணமும் கலந்த இடம். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் உரத்துத்தான் கதைத்தோம்.

கம்பியூட்டர் இடம் காணாமல் சொல்லை முறித்துவிட்டதோ என்று கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கம் நாலு விரல் இடம் வெறுமையாகக் கிடந்தது. இடம் காணவில்லை என்று சொல்ல வழியில்லை.

“நான் உடைக்கேல்லை தம்பி. வந்த மாதிரியே அடிச்சனான்,” என்றார்.

அச்சு அடிப்பதைத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சொல்லே அன்றைக்கு ஆகவில்லை.

நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு பெருநாளுக்கு முதல் நாள் கடைக் கதவில் பெரிய எழுத்தில் அறிவித்தல் ஒட்டினாராம். ஒரு தாளில் இடம் போதாமல் இரண்டு தாள். ‘நாளைக்குக் கடை திறந்திருக்கா’ என்று மேல் தாள். ‘து’ என்று கீழ்த் தாள். காற்றுக்குக் கீழ்த் தாள் பறந்துவிட்டது. வந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லாரும், என்ன நானா, உங்கட கடையே இந்தியத் தமிழில எங்களிட்டக் கேள்வி கேக்குது என்று பகிடி பண்ணினார்களாம். எங்கள் பக்கம் ‘திறந்திருக்கோ’ என்றுதானே கேட்பது.

சிரித்தேன். ஆனால் திரும்பி வரும் வழியில் அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்பது முன்னுக்கே வந்துவிடும். கதவு மூடியிருக்கிறது என்று முதலே தெரியும். தமிழில் அது கடைசியில்தான் வரும். திறந்திருக்கா, து. வைக்கா, மல். எங்கள் மொழியில் பாதியில் இறங்குகிறவன் பெரும்பாலும் எதிர்ப் பக்கத்தில்தான் இறங்குவான்.

முதல் அடி

இரண்டாம் சந்தேகம் ஆசிரியர் மேல். நான் போனில் கூப்பிட முதல் சிவகௌரி டீச்சர் தானே கூப்பிட்டார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் எல்லாரும் சுகமோ என்று மெதுவாகத் தொடங்கினார். பெட்டியைத் திறக்க முதல் நான் சுற்றிவரத் தட்டிப் பார்ப்பேன். அந்த மாதிரிக் குரல். இரண்டு பெற்றோர் தன்னோடு கதைத்ததாகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஒரு பெயர் எனக்குத் தெரியும்.

ஏன் டீச்சர் பொருளடக்கத்தில் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“பிள்ளை தலைப்பு வைக்கேல்லை. தலைப்பில்லாத பாட்டெண்டால் முதல் அடியைத்தானே போடுறது, அண்ணை.”

முதல் அடி. அவர் பாட்டின் வரியைச் சொன்னார். எனக்குக் கேட்டது மற்ற அடி.

‘அடி’ என்று ஒரு சொல்லை எங்கள் ஆட்கள் எத்தனைக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பாட்டின் வரி அடி. காலும் அடி. மரத்தின் கீழ்ப்பக்கம் அடி. பலகையை அளப்பதும் அடி. கையால் விழுவதும் அடி.

டீச்சர் படித்தவர், ஆகவே கொஞ்சம் பாடமும் எடுத்தார். பழைய பாட்டுகளிலும் ஓசை சரியாக வருவதற்காகச் சொல்லை இரண்டாகப் பிரிப்பார்களாம். அதற்கு வகையுளி என்று பெயராம். ஆனால் ஆரணி செய்தது ஓசைக்காக இல்லை, அர்த்தத்துக்காக என்று தான் நினைப்பதாகச் சொன்னார். அடி முடிகிற இடத்தில் வாசிக்கிறவர் ஒரு கணம் நிற்பார். அந்தக் கணத்தில் அவர் என்ன நினைக்கிறாரோ, அதுவும் பாட்டுக்குள் சேர்ந்துவிடும். இப்போதைய கவிஞர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்களாம்.

பிறகு குரல் மாறியது. இந்த நாட்டில் பிள்ளைக்கு வீட்டில் அடி விழுகிறது என்று ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பேசாமல் இருக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும்தானே என்றார். ஆகவே ஆரணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“பயப்பிட ஒண்டுமில்லை அண்ணை. ஆனால் மிச்சத்தை அவவிட்டையே கேளுங்கோ.”

கடைசியில் இரண்டு வழி சொன்னார். மீதிப் புத்தகங்கள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமென்றால் பொருளடக்கத்தில் அந்த வரிக்கு மேல் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டலாம். மேடையில் ஆரணி வேறு பாட்டு வாசிக்கலாம். இல்லையென்றால் இருப்பது இருந்தபடி போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கோ என்றார்.

நான் யோசிக்கவில்லை. ஸ்ரிக்கர் என்றேன்.

பிளாசாவில் ஒரு நாள்

ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று இப்போது சொல்ல வேண்டும்.

ஆரணிக்கு ஆறு வயது இருக்கும். குளிர்காலம். மரக்கறிக் கடை ஒன்றின் முன்னால் கார்கள் நிறுத்தும் இடம். என் இரண்டு கையிலும் பை. அவள் என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தவள், எதையோ கண்டு விட்டுவிட்டு ஓடினாள். பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒரு வான் வண்டி அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பைகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை இழுத்தேன். வெங்காயம் பனிக்குள் உருண்டது.

இழுத்த பிறகு அடித்தேன். முதுகில் ஒரு அடி.

தடித்த ஜக்கெற். சத்தம் பெரிதாக இல்லை, தலையணையைத் தட்டினது போல. அவள் அழவில்லை. வீடு வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வசந்தியிடம் வானைப் பற்றிச் சொன்னேன். அடியைப் பற்றிச் சொல்லவில்லை.

பயத்தில் அடித்தேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். பயம் உண்மைதான். ஆனால் பயந்தால் அடிக்கலாம் என்று எழுத நான் இங்கே வரவில்லை. ஆபத்தில் இருந்து அவள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு விழுந்த அடி அவளுக்காக விழவில்லை.

வேலையில் இருந்து அவளை அடிக்கடி கூப்பிடும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று அந்தக் கிழமைதான் எண்ணிப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில்தான். அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இவள் மறந்திருப்பாள் என்று ஆறு வருடம் நம்பியிருந்தேன். இப்போது கடைசிச் சந்தேகம் என் மகள் மேல் வந்தது. இவள் மறக்கவில்லை. மறக்காததைப் பாட்டின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

லேபலுக்கு மேல் லேபல்

நிஸார் நானா ஸ்ரிக்கரை அடித்துத் தந்தார். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. ‘அப்பா அடிக்கடி கூப்பிடுவார்.’ அழகாக, முறியாமல், ஒரே வரியில்.

விழா நாள். டீச்சர் தந்துவிட்ட மீதிப் புத்தகப் பெட்டி என் காரின் பின்சீட்டில். மண்டபத்தில் ஆட்கள் வருவதற்கு முன் ஒட்டி முடிக்கலாம் என்று ஆரணியையும் ஏற்றிக்கொண்டு நேரத்தோடு வந்துவிட்டேன். அவள் முன்சீட்டில் இருந்தாள். முதல் புத்தகத்தை மடியில் வைத்து ஒரு ஸ்ரிக்கரை உரித்தேன். அந்தப் பசை மணம் எனக்குப் பழகின மணம்.

உரித்த ஸ்ரிக்கரோடு கை அப்படியே நின்றது.

கிடங்கில் ஆயிரம் பெட்டி வந்தாலும் நான் முதலில் நிறுத்துவது எதைத் தெரியுமா? லேபலுக்கு மேல் இன்னொரு லேபல் ஒட்டிய பெட்டியை. நகத்தால் கிளப்பிப் பார்க்காமல் விடமாட்டேன். கீழே ஒன்றும் இல்லை என்றால் மேலே ஏன் ஒட்டவேண்டும்? ராஜி அன்ரிக்கும் நகம் இருக்கிறது.

“உது என்ன அப்பா?” ஆரணி என் விரலில் இருந்த ஸ்ரிக்கரைப் பார்த்துக் கேட்டாள். டீச்சர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

அவள் எட்டி வாசித்தாள். “இது என்ர லைன் இல்லை.”

“நீ வேணுமெண்டோ உடைச்சனி?”

“ஓம்.”

“ஏன்?”

“அதில எல்லாரும் ஒருக்கா நிப்பினம். நிண்டு, இந்த அப்பா கூடாத ஆள் எண்டு நினைப்பினம். பிறகு அடுத்த லைனுக்கு வந்தால், ஓ, நாங்கள்தான் பிழையா நினைச்சம் எண்டு வரும். தட்ஸ் த பொயின்ற், அப்பா.”

“அடுத்த லைனுக்கு வராத ஆக்கள்?”

“அவை வாசிக்கேல்லை.” தோளைக் குலுக்கினாள். அதைவிடச் சுருக்கமாக ராஜி அன்ரியைப் பற்றி யாரும் சொல்லமுடியாது.

டீச்சருக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். வீட்டில் பயம் ஒன்றும் இல்லை, மிச்சத்தை அப்பா கேட்டால் அப்பாவுக்குச் சொல்கிறேன் என்று சொன்னாளாம்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் பேசாமல் காரை விட்டு இறங்கியிருக்கலாம். இறங்க நினைத்தேன். கதவுப் பிடியில் கையும் வைத்தேன்.

“பிளாசாவில நடந்தது உனக்கு நினைவிருக்கோ?”

அவள் பக்கத்துக் கண்ணாடியில் எங்கள் மூச்சுப் படிந்து வெள்ளையாக இருந்தது. அதில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு.

“இருக்கு.”

கதவுப் பிடியில் இருந்து கையை எடுத்தேன்.

“ஒருக்கா அடிச்சனீங்கள். அடிக்கடி கூப்பிடுறனீங்கள். ரெண்டும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. நீங்கள் ஒட்டினால் ஒண்டுதான் தெரியும்.”

ஆயிரம் பெட்டி தட்டிப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. ‘அடி’ என்பது ‘அடிக்கடி’க்குள் எழுத்து எழுத்தாக இருந்ததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை திறந்து காட்டவேண்டியிருந்தது.

ஸ்ரிக்கரைத் திரும்ப அதன் தாளில் ஒட்டினேன். பெட்டியை இருந்தபடியே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். டீச்சரிடம், பாட்டு அவள் எழுதினபடியே போகட்டும் என்றேன். அவர் ஆரணியை ஒரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

நின்ற இடம்

ஆரணி மேடையில் ஏறியபோது மைக் அவளுக்கு உயரமாக இருந்தது. யாரோ கீழே பதித்துவிட்டார்கள். நானும் வசந்தியும் மூன்றாவது வரிசை. பிளாசாக் கதையை முழுவதுமாக வசந்திக்கு நான் சொன்னது மண்டபத்துக்கு வெளியே, விழா தொடங்க முதல். அவர் திட்டவில்லை. கையைப் பிடிக்கவும் இல்லை.

“அப்பா என்னை அடிக்,” என்றாள் ஆரணி.

நின்றாள்.

மண்டபம் நின்றது. ஒரு குழந்தை எங்கேயோ பிஸ்கற் பக்கற்றைக் கசக்கிய சத்தம் கேட்டது. முன்வரிசையில் ராஜி அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. அந்த இடைவெளியில் நான் ஒரு தரம் அடித்தவனாக எல்லாருக்கும் முன்னால் இருந்தேன். அது பொய்யில்லை.

“கடி கூப்பிடுவார்.”

சிரிப்பு வந்தது. மூச்சு விட்ட சிரிப்பு. ராஜி அன்ரியும் சிரித்தார். மற்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஏமாந்தார்கள், பிறகு சந்தோசப்பட்டார்கள். எழுதினவள் அவர்களை வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டிய இடத்தில் விட்டாள்.

கடைசி ‘மல்’ வரைக்கும் கேட்டேன். தாளில் அந்த எழுத்துகள் வெறும் பக்கத்தில் தனியாக நிற்கும். ஒரு பக்கம் மிசிசாகா, ஒரு பக்கம் ஸ்காபரோ, நடுவில் ஒன்றும் கதைக்காத போன் அப்படித்தான் இருக்கும்.

திங்கட்கிழமை எனக்குப் பின்னேர வேலை. நாலு மணி இடைவேளையில், பெட்டிகளுக்கு நடுவில் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஆரணிதான் எடுத்தாள்.

“சாப்பிட்டாச்சோ?”

“ஓம்.”

“அண்டைக்கு நான் அடிச்சது பிழை, பிள்ளை.”

தூரத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஒன்று பீப் பீப் என்று பின்னுக்கு வந்தது.

“ஓம்,” என்றாள்.

முதல் ‘ஓம்’ சோற்றுக்கு. இது வேறு ‘ஓம்’. அதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் உடைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டுப் போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன்.

விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வைக்கவில்லை.